பெட்டியில் 16 கிலோமீட்டர், மலையில் ஒன்றரைகூட இல்லை: வாக்கி டாக்கி வாங்குவோர் கவனத்துக்கு

லைசென்ஸ் தேவையில்லாத வாக்கி டாக்கி வாங்க நினைப்பவர்கள், குறிப்பாக வயதானவர்களையோ பிள்ளைகளையோ அதை நம்பித் தனியாக அனுப்ப நினைப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் ஏமாந்தேன். பணம் மட்டும் போயிருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன்.

சென்ற ஆண்டு குடும்பமாக எட்டுப் பேர் ஒரு மலைப்பாதையில் போகத் திட்டமிட்டோம். அங்கே செல்பேசிக்கு சிக்னல் கிடையாது என்று முன்பே தெரியும். அப்பாவுக்கு 68 வயது. அவரும் அம்மாவும் கீழ்ப்பாதையில் மெதுவாக வருவார்கள், நாங்கள் மேல்பாதையில் போய் மறுபக்கம் அவர்களைச் சந்திப்போம் என்று ஏற்பாடு. இடையில் பேசிக்கொள்ள ஏதாவது வேண்டுமே என்று இணையத்தில் தேடியபோதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. நான்கு கருவிகள் கொண்ட பெட்டி. லைசென்ஸ் வேண்டாம், 16 கி.மீ. வரை தெளிவான பேச்சு, 1936 சேனல், ரகசியக் குறியீடு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

வாங்கும் முன் விற்பவருக்கு போன் போட்டே கேட்டேன். "மலையில பயன்படுத்தப் போறோம். ரெண்டு குழுவுக்கும் நடுவுல அதிகபட்சம் ரெண்டு கிலோமீட்டர் இருக்கும். எடுக்குமா?"

"பதினாறே எடுக்கும் சார். ரெண்டெல்லாம் ஒரு விஷயமே இல்ல."

பெட்டியில் அச்சடித்த எண்ணைவிட இந்தப் பதில்தான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. மலை என்று சொன்ன பிறகு, "நடுவில் மேடு வந்தால் எடுக்காது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தத் தொழிலில் இருப்பவருக்கு அது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

வீட்டில் சோதித்துப் பார்த்தோம். கூடத்திலிருந்து தெருமுனை வரை மணி அடித்தது போலக் கேட்டது. அதையே சோதனை என்று நம்பிக் கிளம்பினோம்.

மலையில் முதல் அரை மணி நேரம் நன்றாகத்தான் போனது. அப்புறம் மேல்பாதை ஒரு பாறை முகட்டைச் சுற்றி வளைகிறது. அதைத் தாண்டிய நிமிடத்திலிருந்து அப்பாவின் குரல் வரவில்லை. ஒரு முறை 'கர்ர்' என்று ஒரு சத்தம், அதற்குள் பாதி வார்த்தை, அவ்வளவுதான். பழைய வழியைப் பார்த்து நின்று கூப்பிட்டேன், கையை உயர்த்திக் கூப்பிட்டேன், சேனல் எண்ணைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். பிறகு வரைபடத்தில் அளந்து பார்த்தபோது, எங்களுக்கு இடையே நேர்கோட்டில் இருந்தது ஒன்றரை கிலோமீட்டருக்கும் குறைவு.

அந்த நேரத்தில் அப்பா கால் இடறி விழுந்து, கணுக்கால் வீங்கி, ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா தண்ணீர் பாட்டிலைக் காலில் ஒத்தி வைத்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் சந்திக்கும் இடத்தில் காத்திருந்து பார்த்துவிட்டு, மனம் கேட்காமல் கீழ்ப்பாதை வழியாகத் திரும்பி நடந்து அவர்களைக் கண்டுபிடித்தபோது இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. கருவி அப்பாவின் கையிலேயே இருந்தது. பேசும் பொத்தானை அமுக்கி அமுக்கி வலது கட்டைவிரல் சிவந்து, பொத்தானின் வரிகள் தோலில் பதிந்திருந்தன.

"நான்தான் ஏதோ தப்பா அமுக்குறேன்னு நெனச்சேன்ப்பா," என்றார். "விட்டு விட்டு அமுக்கிப் பார்த்தேன். நீங்க பேசுறப்போ நானும் அமுக்கிட்டு இருக்கேனோன்னு கொஞ்ச நேரம் சும்மா இருந்தும் பார்த்தேன்."

அவர் எதையும் தப்பாக அமுக்கவில்லை. பதினாறு என்று எழுதியிருக்கும்போது ஒன்றரை எடுக்கவில்லை என்றால் யாருக்கும் சந்தேகம் தன் மேல்தான் வரும். அந்த எண் செய்கிற மிகப் பெரிய கெடுதல் இது. கருவி இங்கே வேலை செய்யாது என்று தெரிந்திருந்தால் அப்பா முதல் பத்து நிமிடத்திலேயே அம்மாவிடம் விசிலை எடுத்து ஊதச் சொல்லியிருப்பார். பையிலேயே விசில் இருந்தது.

ஊர் திரும்பியதும் விஷயம் என்ன என்று உட்கார்ந்து படித்தேன். இவை ஐரோப்பாவில் பிஎம்ஆர் 446 என்று அழைக்கப்படும் வகை. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை, அதிகபட்சம் அரை வாட், கழற்ற முடியாத ஆன்டெனா. இந்தியாவிலும் 2018 விதிகள் இதே அலைவரிசைக்குத்தான் உரிம விலக்கு கொடுத்தன. அமெரிக்காவில் இதற்கு இணையானது எஃப்ஆர்எஸ். அது 462, 467 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது, 22 சேனல், சிலவற்றில் 2 வாட் வரை, மற்றவற்றில் அரை வாட்டுதான். அங்கே விற்பதை வாங்கி வந்து இங்கே லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த முடியாது, அலைவரிசையே வேறு.

இந்த அலைகள் ஏறக்குறைய ஒளியைப் போல நேராகப் போகிறவை. எதிரில் இருப்பவரைக் கண்ணால் பார்க்க முடிகிற இடத்தில் நன்றாக எடுக்கும், நடுவில் மலை வந்துவிட்டால் அநேகமாக நின்றுவிடும். எனக்குக் கண் திறந்தது ஒரு சின்னக் கணக்கில்தான். கருவி இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால், பூமியின் வளைவுக்குள் அலை எட்டும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். முகத்துக்கு நேராகப் பிடித்தால் உயரம் ஒன்றரை மீட்டர், அதற்கு 5 கி.மீ. எதிரில் நிற்பவருக்கும் அதே 5. ஆக மொத்தம் 10. மரம், வீடு, மேடு எதுவும் இல்லாமல் மேசை போன்ற சமதரையில் இரண்டு பேர் நின்றால்கூட, கணக்குப்படியே பத்தோடு எல்லை முடிந்துவிடுகிறது. அதிலும் தரையை உரசிப் போகிற அலையின் பலத்தைத் தரையே குறைத்துவிடும் என்பதால் அந்தப் பத்தும் கைக்கு வராது. அப்படியென்றால் பதினாறு எங்கிருந்து வந்தது? ஒருவர் குன்றின் உச்சியில், இன்னொருவர் எதிர்க்குன்றிலோ திறந்த பள்ளத்தாக்கிலோ நின்றால் அது சாத்தியம். அப்படி நிற்கிற இருவருக்கான எண்ணைத்தான் எல்லாருடைய பெட்டியிலும் ஒட்டி விற்கிறார்கள்.

அப்புறம் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நானும் என் தங்கையும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு திரிந்தோம். ஒருவர் ஓரிடத்தில் நிற்க, மற்றவர் நடந்துகொண்டே எண்களை வரிசையாகச் சொல்வது. கேட்கிற எண்ணை எழுதுவது. எங்கள் கருவிக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: திறந்த நேர்சாலையில் ஒருவரையொருவர் மறைக்க எதுவும் இல்லாதபோது இரண்டரை கிலோமீட்டர் வரை தெளிவு, மூன்றரை வரை இரைச்சலோடு. வீடுகள் நெருங்கிய தெருக்களில் 600 மீட்டர் தாண்டினாலே வார்த்தைகள் விழுங்கப்பட்டன. அடர்ந்த மரங்களுக்குள் அதற்கும் சற்றுக் குறைவு. கான்கிரீட் கட்டடத்தில் ஐந்து மாடி வரை பேச முடிந்தது, நிலத்தடி வாகன நிறுத்தத்தில் சுத்தமாக இல்லை. ஆனால் ஒரு குன்றின் மேலிருந்து கீழே கண்ணுக்குத் தெரியும் சாலைக்கு ஏழு கிலோமீட்டர் பளிச்சென்று கேட்டது. அதே கருவி, அதே பேட்டரி. தங்கை அந்த ஏழைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் "இதைத்தான் விற்கிறார்கள்" என்று எழுதினாள்.

இன்னொன்றும் கவனித்தோம். கருவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு கேட்பதற்கும் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பதற்கும் நிறைய வித்தியாசம். உடம்பே அலையை மறைக்கிறது. கேட்காத இடத்தில் நின்ற நிலையிலேயே அரைச்சுற்றுத் திரும்பினாலும் சில சமயம் குரல் வந்துவிடும். பொத்தானை அமுக்கியதும் ஒரு விநாடி பொறுத்துப் பேச வேண்டும், இல்லையென்றால் முதல் வார்த்தை போய்விடும். இதையெல்லாம் பெட்டிக்குள் இருந்த தாளில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

அடுத்து அந்த 1936 சேனல். உண்மையில் இருப்பது 16 சேனல். ஒவ்வொன்றிலும் 121 குறியீடு வைத்துக்கொள்ளலாம், இரண்டையும் பெருக்கி 1936 என்று எழுதிவிட்டார்கள். குறியீடு என்பது தனிப் பாதை கிடையாது. அதே குறியீட்டோடு வரும் பேச்சுக்கு மட்டும் நம் ஸ்பீக்கர் திறக்கும், அவ்வளவே. ரகசியம் என்பதோ முழுப்பொய். மூன்றாவது கருவியில் குறியீட்டை அணைத்து மேசை மேல் வைத்தேன். நானும் தங்கையும் 'ரகசியமாக' பேசிய ஒவ்வொரு வார்த்தையையும் அது உரக்கச் சொன்னது. வீட்டில் யாரும் இல்லை, பிள்ளை தனியாக இருக்கிறது, சாவி இங்கே இருக்கிறது போன்ற விஷயங்களை இதில் தயவுசெய்து பேசாதீர்கள்.

இதையெல்லாம் எழுதி, நோட்டுப் புத்தகப் பக்கத்தைப் படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். முதல் பதில்: "16 கி.மீ. வரை என்றுதான் போட்டிருக்கிறோம், 16 கி.மீ. என்று போடவில்லை." இரண்டாவது பதில்: திருப்பி அனுப்பும் நாள் முடிந்துவிட்டது. மலைப் பயணத்துக்காக இரண்டு வாரம் முன்னதாக வாங்கியதால் அந்தக் கெடுவைத் தவறவிட்டிருந்தேன்.

மூன்றாவதாக அவரே போன் செய்தார். அதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. "உங்களுக்குப் பவர் மாடல் தரேன் சார். அஞ்சு வாட். ஆன்டெனாவ கழட்டிப் பெருசு மாட்டிக்கலாம். மேல கொஞ்சம் பணம் போட்டா போதும். இதுவும் லைசென்ஸ் ஃப்ரீதான்."

ஐந்து வாட், கழற்றக்கூடிய ஆன்டெனா. இந்த இரண்டையும் கேட்டாலே அது லைசென்ஸ் இல்லாத வகை இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். அதை வைத்துப் பேசினால் பேசியவரும் மாட்டிக்கொள்ள நேரும். இத்தகைய கருவிகளில் அலைவரிசையை நாமே மாற்றிக்கொள்ள முடியும், தெரியாமல் அவசர சேவைக்கு உரிய இடத்தில் போய் நின்றுவிட்டால் இன்னொருவருடைய உயிர் சம்பந்தப்பட்ட பேச்சை மறிக்க நேரும். சரி, அத்தனை ஆபத்துக்குப் பதிலாகத் தூரமாவது கூடுமா? அரை வாட்டை ஐந்து வாட்டாக, அதாவது பத்து மடங்காக ஏற்றினால், எதுவும் மறைக்காத வெட்டவெளியில் தூரம் மூன்று மடங்கு ஆகலாம். தரையோடு தரையாகப் பேசும்போது அது இரண்டு மடங்கைக்கூடத் தொடாது. நடுவில் பாறை முகடு நின்றால் எத்தனை வாட் இருந்தும் பெரிய பயன் இல்லை. என் பிரச்சினை முகடுதான் என்று அவருக்கு எழுதியிருந்தேன். படித்துவிட்டுத்தான் விற்கப் பார்த்தார்.

கருவியே வீண் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். இரண்டு கார்களில் முன்பின்னாகப் போகும்போது இதைப் போல வசதி வேறில்லை. எண்ணைத் தேட வேண்டாம், மணி அடித்துக் காத்திருக்க வேண்டாம், ஒருவர் சொன்னால் நான்கு பேருக்கும் கேட்கும், மாதக் கட்டணம் இல்லை. மேடை வேலை, தோட்ட வேலை, கூட்டத்தில் ஒருவரையொருவர் தொலைக்காமல் இருப்பது, பெரிய வண்டியைப் பின்னால் எடுக்கும்போது வழி சொல்வது, இதற்கெல்லாம் எங்கள் வீட்டில் இப்போதும் அது பயன்படுகிறது. எல்லாமே அரை கிலோமீட்டருக்குள் நடக்கிற வேலை. அந்த அளவுக்கு என்று சொல்லி விற்றிருந்தால் நான் மனநிறைவோடு வாங்கியிருப்பேன்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பெட்டியில் இருக்கும் தூரத்தைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். எத்தனை வாட், எந்த அலைவரிசை, ஆன்டெனா கழற்ற வருமா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள், போனில் சொல்வதற்குச் சாட்சி இல்லை. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், நீங்கள் பயன்படுத்தப் போகிற அதே மாதிரி இடத்தில் நடந்து பாருங்கள். கூடத்திலிருந்து தெருமுனை வரை பேசியது எதையும் நிரூபிக்காது. மலைக்குப் போனால் பிரியாமல் போங்கள். பிரிந்துதான் ஆக வேண்டுமென்றால், இத்தனை மணிக்குள் குரல் வரவில்லையென்றால் மேலே போகிறவர்கள் திரும்ப வேண்டும் என்று முன்பே பேசி வையுங்கள். விசில் பையில் இருக்கக் கூடாது, கழுத்தில் தொங்க வேண்டும்.

அப்பாவின் கால் சரியாக ஆறு வாரம் ஆனது. நுகர்வோர் புகார் ஒன்று கொடுத்திருக்கிறேன், நோட்டுப் புத்தகப் பக்கங்களையும் அந்த "வரை" பதிலையும் அதோடு இணைத்திருக்கிறேன். இன்று காலை அந்த விளம்பரத்தைத் திறந்து பார்த்தேன். 16 கி.மீ. என்றுதான் இன்னும் இருக்கிறது.