பேசிக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குகிறார்கள், உஷார்!

மண்டபம் முதல் தொண்டி வரை மீன் கம்பெனி, ஐஸ் பிளாண்ட், குளிர்பதனக் கிடங்கு நடத்துபவர்கள் கவனத்துக்கு. செம்புக் கம்பி லேண்ட்லைனை எடுத்துவிட்டு இணையவழித் தொலைபேசி போட்டுத் தருவதாக ஒரு நிறுவனத்தின் ஆட்கள் இந்தப் பக்கம் சுற்றுகிறார்கள். எங்களிடம் தடைக்காலமாகப் பார்த்து வந்தார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, கிடங்கும் காலி. எது பழுதென்று யாருக்குத் தெரியப்போகிறது?

எங்களிடம் பழைய ஃபேக்ஸ் ஒன்று இருக்கிறது. கிடங்கின் வெப்பநிலை மைனஸ் 18 டிகிரியில் நிற்காமல் ஏறினால், ராமநாதபுரம் அலுவலகத்தைத் தானே அழைத்துத் தகவலை ஒலியாக மாற்றி அனுப்பும் மோடம் ஒன்றும் இருக்கிறது. இரண்டும் ஓடுமா என்று கேட்டதற்கு, "டி.38 வசதி இருக்கிறது அண்ணே, எல்லாம் ஓடும்" என்றார் வந்தவர். (டி.38 என்பது இணையவழியில் ஃபேக்ஸ் அனுப்பும் முறை.) உடனே என் கைப்பேசிக்கு ஓர் அழைப்பு. குரல் கணீரென்று கேட்டது. சோதனை அவ்வளவுதான். வேலை முடிந்ததாகத் தாளில் கையெழுத்து. மோடத்தைப் பொருத்தியதற்குத் தனிக் கட்டணம்.

தடை முடிந்து நண்டும் கணவாயும் வரத் தொடங்கியதும் வண்டவாளம் தெரிந்தது. ஃபேக்ஸில் கால் பக்கம் அச்சாக வரும். பிறகு எழுத்துகள் குறுக்கே இழுபட்டுக் கோடுகளாகி, தாள் பாதியில் நின்றுவிடும். மோடமோ கீச்சிட்டுக் கத்தும், இணைப்பு விளக்கு எரியும், தகவல் போவதற்குள் அணைந்துவிடும். கம்ப்ரசர் நின்ற ஓர் இரவில் எச்சரிக்கை போகவே இல்லை. காவலாளி கதவைத் திறந்து பார்த்ததால் சரக்கு தப்பியது.

புகார் செய்தால், "உங்கள் மெஷின் பழசு" என்கிறார்கள். அந்தப் பழசு செம்புக் கம்பியில் ஒழுங்காகத்தான் ஓடியது! இணைய இணைப்பில் ஒலியைப் பெரும்பாலும் 20 மில்லிவினாடித் துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறார்கள். ஒரு துண்டு தவறினால் காது அதைப் பொருட்படுத்தாது. மோடத்துக்குத் தொடர்பே அறுந்துவிடலாம். போதாக்குறைக்கு எங்களுக்குப் போட்டிருந்தது ஜி.729. மனிதக் குரலை விநாடிக்கு 8 கிலோபிட்டாகச் சுருக்கும் முறை அது. மோடத்தின் ஒலி அதில் உருக்குலைந்துவிடும். அவ்வளவு சுருக்காமல் 64 கிலோபிட்டில் போகும் ஜி.711 கேட்டிருக்க வேண்டும் என்று அவர்களே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் பெருமையடித்த டி.38 ஃபேக்ஸுக்கு மட்டுமே உரியது. மோடத்துக்கு எந்த விதத்திலும் உதவாது.

இன்னொன்று: பழைய லைனுக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வரும். புதிய பெட்டிக்கு யுபிஎஸ் இல்லாவிட்டால், காற்றடித்துக் கரண்ட் போனதும் போனும் போய்விடும். நம் கடற்கரையில் காற்றைப் பற்றிச் சொல்லவா வேண்டும்!

ஆகவே உங்கள் ஃபேக்ஸில் பல பக்கங்கள் அனுப்பி, உங்கள் மோடத்தை உங்கள் கண்முன்னே இணைத்துக் காட்டும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். பழைய லைனையும் துண்டிக்க விடாதீர்கள். ஜி.711, டி.38 இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஃபேக்ஸின் வேகத்தை விநாடிக்கு 9600 பிட்டாகக் குறைத்த பிறகு எங்களுக்குப் பெரும்பாலான பக்கங்கள் போகின்றன. குளிர் எச்சரிக்கைக்கு சிம் கார்டு போடும் கருவியை வாங்கிவிட்டோம். பொருத்துக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டால், இன்றுவரை அந்தக் கையெழுத்தைத்தான் காட்டுகிறார்கள்.