கர்ப்பப்பை ஆபரேஷனோடு "சேர்த்து ஒண்ணு" என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்

ஃபைப்ராய்டு கட்டி, மாதத்தில் பத்து நாள் உதிரப்போக்கு. கர்ப்பப்பையை எடுக்க ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது என்பதையும் கூச்சத்தை விட்டுச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். இருமச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை. இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை மூன்று மாதம் செய்து பாருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை.

ஆபரேஷன் அன்று, ஸ்ட்ரெச்சரில் படுத்த பிறகு நர்ஸ் ஒரு தாளை நீட்டினார். "கசிவுக்கும் சேர்த்து சின்னதா ஒண்ணு பண்ணிடுவாங்கம்மா, போடுங்க." போட்டேன்.

டியூபை எடுத்ததும் சிறுநீர் பிரியவில்லை. முக்கினால் சொட்டுச் சொட்டாக வரும், அடிவயிறு கல்லாகிவிடும். "வீக்கம்தான், சரியாயிடும்" என்று யூரின் பையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஐந்து வாரம் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

வேறு ஊர் யூராலஜி டாக்டர்தான் டிஸ்சார்ஜ் சம்மரியில் "டி.ஓ.டி." என்றிருந்ததைக் காட்டி, "நாடா வச்சிருக்காங்களே, தெரியாதாம்மா?" என்றார். சிறுநீர்க் குழாய்க்கு அடியில் தாங்கலாக வைக்கும் பாலிப்ரொப்பிலீன் வலை நாடா அது. உடம்பின் திசு அதற்குள் வளர்ந்துவிடும், பிறகு முழுதாக எடுப்பது கடினம். எனக்கு இறுக்கமாக வைத்துவிட்டார்கள். நடுவில் வெட்டித் தளர்த்தினார். சிறுநீர் பிரிகிறது, கசிவும் பழையபடி.

நாடாவே தப்பு என்று சொல்ல மாட்டேன், நிறையப் பேருக்கு நல்ல பலன் தந்திருக்கிறது. ஆனால் பிரிட்டனில் 2018-இல் இந்த வலை ஆபரேஷன்களையே நிறுத்திவைத்தார்கள். வலையே இல்லாமல் தையலால் தூக்கிக் கட்டும் பர்ச் முறை 1961-லிருந்து இருக்கிறது. கசிவுக்கான ஆபரேஷனைத் தனியாகப் பிறகும் செய்துகொள்ளலாம். இதில் ஒன்றையாவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டாமா?

சமீரா கோலி வழக்கில் 2008-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஒரு சிகிச்சைக்குத் தந்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது, என்ன செய்யப் போகிறார்கள், ஆபத்து என்ன, மாற்று வழி என்ன என்று விளக்க வேண்டும். நோயாளி கேட்டால் கேஸ் ஷீட் நகலை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் மருத்துவக் கவுன்சில் விதி இருக்கிறது. எழுத்தில் கேளுங்கள், தேதி போட்ட ஒப்புகை வாங்குங்கள்.

நானும் அப்படித்தான் வாங்கினேன். நாடா பாக்கெட்டின் ஸ்டிக்கரை ஒட்ட வேண்டிய இடம் அதில் காலியாக இருக்கிறது. எந்தக் கம்பெனி நாடா என் உடம்பில் இருக்கிறது என்று கேட்டு இரண்டாவது கடிதம் போட்டிருக்கிறேன்.