மார்க்கர் ஸ்கிரிப்டுக்குக் கொடுத்த 9,500 ரூபாய் போச்சு, நீங்களாவது ஜாக்கிரதையாக இருங்கள்

நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். வடபழனியில் சின்னதாக அனிமேஷன் யூனிட் நடத்துகிறேன். பிளெண்டர் என்ற அனிமேஷன் சாஃப்ட்வேரில் செய்த ஐந்தரை நிமிடக் குழந்தைகள் படம், டைம்லைனில் 140 மார்க்கர், அதாவது பெயரோடு வைக்கும் அடையாளக் குறி, ஒவ்வொன்றும் ஒரு வசனம் தொடங்கும் இடம். அதையெல்லாம் நேரத்தோடு ஒரு சிஎஸ்வி ஃபைலாக (அட்டவணை மாதிரியான டெக்ஸ்ட் ஃபைல்) எடுத்து டப்பிங் தியேட்டருக்குக் கொடுக்க வேண்டும். கையால் எழுதினால் ஒரு நாள் போய்விடுமே என்று, ஃப்ரீலான்ஸ் ஆட்களைப் பிடித்துத் தரும் ஒரு ஆன்லைன் தளத்தில் ஒருவரிடம் அந்த வேலையைத் தானாகச் செய்யும் பைத்தான் ஸ்கிரிப்ட், அதாவது ஒரு சின்ன புரோகிராம், கேட்டேன். 9,500 ரூபாய்.

வீடியோ காலில் வந்தார், வாய்க்கு வாய் அண்ணா. தன் ஸ்கிரீனில் பத்து செகண்ட் சீன் ஒன்றைத் திறந்து, ஐந்து மார்க்கர் வைத்து ஓட்டிக் காட்டினார். ஃபைல் சட்டென்று வந்து விழுந்தது. "ஓகே கொடுத்துடுங்கண்ணா, எதுவா இருந்தாலும் நான் இருக்கேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பி, என் படத்தில் ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்காமல் ஒப்புதல் பட்டனை அழுத்திவிட்டேன்.

சாலிகிராமத்தில் கால்ஷீட். முதல் நாலைந்து வசனம் பரவாயில்லை, அப்புறம் போகப் போக விலகிக்கொண்டே போனது. படம் செகண்டுக்கு 24 ஃபிரேம், அவர் ஸ்கிரிப்டில் ஃபிரேம் எண்ணை 25ஆல் வகுத்திருக்கிறார்! 7,200வது ஃபிரேம் 300 செகண்டில் வர வேண்டும், ஃபைலில் 288. பத்து செகண்ட் சீனில் அரை செகண்ட்கூட வித்தியாசம் வராது, அதனால்தான் அன்றைக்குத் தெரியவில்லை. தமிழில் வைத்த மார்க்கர் பெயர்கள் வேறு வரிசையாகக் கேள்விக்குறிகள். மைக் முன்னால் நின்ற குழந்தை ஆர்ட்டிஸ்ட் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அரை கால்ஷீட் வீண்.

போன் போட்டால் "உங்க வெர்ஷன் பிரச்சனைண்ணா" என்றார், அடுத்த நாள் "ஊருக்கு வந்திருக்கேன்", அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. தளத்தில் புகார் கொடுத்தேன். ஒப்புதல் கொடுத்த பிறகு எதுவும் செய்ய முடியாது என்று அதே பதிலை மூன்று முறை அனுப்பினார்கள். 9,500 ரூபாய், எங்கள் யூனிட்டில் ஒரு பையனின் அரை மாதச் சம்பளம்.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், தியேட்டரிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உங்கள் முழுப் படத்தில் ஓட்டி, கடைசி மார்க்கரின் நேரத்தைக் கையால் கணக்குப் போட்டுப் பார்க்காமல் ஓகே கொடுக்காதீர்கள். ஃபிரேம் ரேட்டை சீன் செட்டிங்கிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். தமிழ் எழுத்து கேள்விக்குறியாகாமல் இருக்க, ஃபைல் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் இருக்கட்டும். அந்தப் பட்டனை மட்டும் அவசரப்பட்டு அழுத்திவிடாதீர்கள்.