ரூட் கேனல் முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் நம்மைக் கவனிக்கும் கிளினிக்

திருச்சி தில்லை நகரில் பல் கிளினிக்குகளுக்குப் பஞ்சமே இல்லை. இந்த கிளினிக்கை நான் எல்லாரிடமும் சொல்வதற்குக் காரணம் ஏசியோ சோபாவோ இல்லை. ரூட் கேனல் செய்த அன்றைக்கும் மறுநாளும் வரும் வலியை இவர்கள் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்கிறார்கள், அதுதான். பல்லை அடைத்து பில்லைக் கையில் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்கும் இடங்களும் இருக்கின்றன, அப்படி ஒன்றில் அம்மா பட்ட பாட்டைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப்பல்லில் முதலில் வேறொரு இடத்தில்தான் சிகிச்சை ஆரம்பித்தோம். அன்று ராத்திரியே விண்விண் என்று தெறிக்க ஆரம்பித்து, விடிவதற்குள் தாடை ஓரம் வீங்கிவிட்டது, போன் செய்தால் எடுக்க ஆள் இல்லை. காலையில் எடுத்தவர்கள், ஆன்டிபயாட்டிக்கை மாற்றித் தருகிறோம், ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள் என்றார்கள். பல்லைத் திறந்து பார்க்கிறோம் என்று ஒரு வார்த்தை வரவில்லை.

இங்கே கூட்டி வந்ததும் டாக்டர் செய்த முதல் வேலை, ஒரு நீலக் காகிதத்தைப் பற்களுக்கு நடுவே வைத்து அம்மாவைக் கடிக்கச் சொன்னது. தற்காலிகமாக அடைத்த பல்லின் மேல் மட்டும் திட்டாக நீலம் படிந்திருந்தது, பக்கத்துப் பற்களில் லேசாகத்தான். அதாவது அந்தப் பல் மற்றதைவிட ஒரு மயிரிழை உயரம், வாயை மூடும்போதெல்லாம் புண்ணாகிக் கிடக்கும் வேரின் மேல்தான் முழு அழுத்தமும் இறங்கியிருக்கிறது. அப்புறம் பல்லைத் திறந்து, உள்ளே கழுவி, மருந்து வைத்து மூடி, மேலே கொஞ்சம் ராவிவிட்டார். அம்மா எழுந்திருக்கும்போதே முகம் தெளிந்துவிட்டது. காய்ச்சல் இல்லை, வீக்கம் பரவவும் இல்லை, அதனால் புது ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நரம்பு செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, மாத்திரை அங்கே போய்ச் சேராது, உள்ளே இருக்கும் அழுக்கைக் கையால்தான் எடுக்க வேண்டும் என்றார். பல்லை உடனே கவனிக்க வழியிருக்கும்போது இப்படிப்பட்ட வலிக்கு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை என்றுதான் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும் சொல்கிறது.

நரம்பையே எடுத்த பிறகு எப்படி வலிக்கும் என்று அம்மா கேட்டதற்கு, ஒரு சீட்டின் பின்பக்கம் பல்லை வரைந்து காட்டினார். பல்லுக்குள்தான் நரம்பு இல்லை, வேர் நுனியைச் சுற்றி இருக்கும் சதைக்கும் எலும்புக்கும் உணர்ச்சி உண்டு. சுத்தம் செய்யும்போது உள்ளே இருக்கும் அழுகலும் கிருமியும் துளியளவு நுனி வழியாக வெளியே தள்ளப்பட்டாலும் அந்த இடம் வீங்கிக்கொள்ளும். அதைக் குறைக்கத்தான் இவர்கள் மெனக்கெடுகிறார்கள். உதட்டோரம் ஒரு கொக்கியை மாட்டி, வேரின் நீளத்தைக் கருவியில் அளந்து, எக்ஸ்ரேயிலும் சரிபார்த்துவிட்டுத்தான் ஊசி போன்ற கருவியால் வேரின் உட்புறத்தைச் சுத்தம் செய்கிறார்கள். பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் போட்டு, எச்சில் உள்ளே போகாமலும் பிளீச்சிங் பவுடர் நெடி அடிக்கும் அந்தக் கழுவும் மருந்து வாய்க்குள் இறங்காமலும் பார்த்துக்கொள்கிறார்கள். ரப்பர் ஷீட் போடாத இடத்தில் இனி எங்கள் வீட்டில் யாரும் ரூட் கேனல் செய்துகொள்ள மாட்டோம். கடைசியில் நன்றாகக் குளிரவைத்த உப்புநீரால் ஒருமுறை கழுவினார்கள், அதனாலும் பிந்தைய வலி குறையுமாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது சொன்ன விஷயங்கள் இன்னும் முக்கியம். மரப்பு போய் வலி ஏறும்வரை காத்திருக்காமல், மரப்பு இருக்கும்போதே முதல் மாத்திரையைப் போட்டுவிட வேண்டும். ஐபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்த்து எடுத்தால் தனித்தனியாக எடுப்பதைவிட நன்றாகக் கேட்கும். ஆனால் அல்சர், கிட்னி கோளாறு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, கர்ப்பம் என்று ஏதாவது இருந்தால் ஐபுப்ரோஃபென் கூடாது. அம்மாவுக்கு அல்சர் இருப்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டு பாராசிட்டமால் மட்டும்தான் எழுதினார். கன்னத்தில் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், துணியில் சுற்றிய ஐஸை விட்டுவிட்டு வைக்கலாம். எங்கள் பெரியம்மா சொன்ன கிராம்புத் தைலமும் இந்த வலிக்கு உதவாது, அது வேர் நுனிவரை போகாது, ஈறுதான் எரியும். முதல் இரண்டு நாள் வலி இருக்கும், அப்புறம் நாளுக்கு நாள் குறைய வேண்டும், குறையாமல் ஏறினால் கூப்பிடுங்கள் என்று போன் நம்பர் கொடுத்தார்கள், ராத்திரி கூப்பிட்டபோது டாக்டரே எடுத்தார். வாய் திறக்க முடியாமல் போனாலோ, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டாலோ, வீக்கம் கண்ணுக்கோ கழுத்துக்கோ பரவினாலோ எங்களுக்குக்கூடப் போன் செய்ய வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்கள் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். எல்லா இடத்திலும் இதைச் சொல்ல வேண்டும்.

ஒரு ஸ்டார் குறைத்திருக்கிறேன். இவ்வளவு அக்கறையாக வாயால் சொல்வதை அச்சடித்துக் கொடுக்கும் தாள் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. ராத்திரி வலிக்கும்போது அம்மா தானே எடுத்துப் படிக்க வேண்டிய தாள் அது, நான்தான் தமிழில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். தயவுசெய்து தமிழில் அடியுங்கள். லிஃப்ட் இல்லாத முதல் மாடி, முட்டி வலிக்காரர்களுக்குக் கஷ்டம். கட்டணமும் அக்கம்பக்கத்தைவிடக் கொஞ்சம் கூட, கடைசியில் பல்லின் மேல் மாட்டும் கேப்புக்குத் தனிக் கட்டணம். ஆனால் அந்த அளவெடுப்புக்கும் ரப்பர் ஷீட்டுக்கும் ராத்திரி எடுக்கும் போனுக்கும் அது தகும் என்பது என் கருத்து.

ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். வலி திடீரென்று ஏறுவது பெரும்பாலும் முதல் ஓரிரு நாளில்தான் என்பதால் சனிக்கிழமை சாயங்காலம் அப்பாயின்ட்மென்ட் வாங்காதீர்கள், திங்களோ செவ்வாயோ கேளுங்கள்.