தஞ்சாவூரில் அக்காவுக்கு லைட் வைத்த அனுபவம்

அக்காவுக்குச் சின்ன வயசிலிருந்தே கரப்பான். அறுவடை நேரத்தில் வைக்கோல் சுணை பட்டால் விடிய விடியச் சொறிவாள். லண்டனிலிருந்து ஊருக்குப் போனதும் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். லைட் என்றால் தோலில் புற ஊதாக் கதிர் காட்டும் சிகிச்சை.

முதலில் கும்பகோணத்தில் ஒரு கிளினிக். தோலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "லைட் வச்சா கட்டாயம் சரியாயிடும், முழுப் பணத்தையும் இப்பவே கட்டிடுங்க" என்றார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. லைட் யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனை எந்த ஊரிலும் வழக்கத்தில் இல்லை. தோலின் காப்புக்கு வேண்டிய ஃபிலாக்ரின் என்கிற மரபணு, டார்க் என்கிற ரத்தப் புரதம் இவற்றை வைத்துச் சொல்ல முடியுமா என்று ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

தஞ்சாவூரில் பார்த்த டாக்டரம்மா அதையே பட்டென்று சொன்னார். "கேக்குமான்னு இப்ப சொல்ல முடியாதும்மா. வச்சுப் பார்த்துதான் சொல்லணும்." பிறகு அக்காவை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, கழுத்து, முதுகு, கை, கால் என்று தடிப்பையும் சொறிந்த தழும்பையும் பார்த்து, கரப்பான் எவ்வளவு மோசம் என்று 72க்கு மதிப்பெண் போட்டார்; கூடினால் மோசம். நம் நிறத்தில் சிவப்பு தெரியாது, சாம்பல் பூத்தமாதிரிதான் இருக்கும், அவசரமாகப் பார்த்தால் மதிப்பெண் குறைந்துவிடும் என்று அந்த இடங்களை விரலால் தடவிப் பார்த்தார்.

பையிலிருந்த மாத்திரை அட்டைகளையும் வாங்கிப் பார்த்தார். பிரஷர் மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடு என்கிற மருந்து இருந்தது. அது வெளிச்சத்துக்குத் தோலைச் சீக்கிரம் புண்ணாக்கும். பிரஷர் டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொண்டு வரச் சொன்னார். இதை யாருமே எங்களிடம் கேட்டதில்லை. அப்புறம் முதுகில் சின்னச் சின்னக் கட்டங்களில் வெவ்வேறு அளவு லைட் காட்டி, மறுநாள் பார்த்துத்தான் அளவை முடிவு செய்தார்.

லைட் என்பது 311 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதாக் கதிர் தரும் குழல் விளக்குப் பெட்டி. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. ஆரம்பத்தில் சில விநாடிகள்தான், போகப் போகக் கூட்டுவார்கள். வாரம் மூன்று தடவை, இரண்டு மூன்று மாதம். "பஸ்ல வந்து போக முடியுமா? நடுவுல விட்டா பலன் தெரியாது" என்று முதலிலேயே கேட்டார். பணம் ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனியாகத்தான்.

நான் கிளம்பும்போது முழங்கை மடிப்பில் அரிப்பு அடங்கி, அக்கா ராத்திரி தூங்க ஆரம்பித்திருந்தாள். கழுத்து மட்டும் அப்படியே. பாதியில் மறுபடி மதிப்பெண் போட்டு, குறையவில்லையென்றால் லைட்டை நிறுத்திவிட்டு வேறு மருந்து பார்க்கலாம் என்றிருக்கிறார் டாக்டரம்மா.