சிங்தாவ் போகும் ஆசிரியர்கள் கவனத்துக்கு: கடலுணவுக் கடையில் விலைக்கு முன் அளவைக் கேளுங்கள்

2015 அக்டோபர், சீனத் தேசிய தின விடுமுறை. சிங்தாவ் நகரில் ஒரு கடலுணவுக் கடை. விலைப்பட்டியலில் இறால் 38 யுவான் என்று இருந்தது. ஒரு தட்டுக்கு என்று நினைத்துச் சாப்பிட்டு முடித்தவரிடம், அது ஓர் இறாலின் விலை என்றார் கடைக்காரர். 40 இறாலுக்கு 1520 யுவான். போலீஸைக் கூப்பிட்டால், விலைத் தகராறு எங்கள் வேலை இல்லை என்றார்கள். விலை அலுவலகமோ விடுமுறை என்று தள்ளிப்போட்டது. நாடு முழுக்கச் செய்தி பரவிய பிறகுதான் அந்தக் கடைக்கு 90,000 யுவான் அபராதம் விழுந்தது.

அதற்குப் பிறகு நகரத்தில் கெடுபிடி கூடியது உண்மை. ஆனால் கடற்கரை ஊர்களில் இன்றும் நடக்கும் ஏமாற்று பெரும்பாலும் இதே வகைதான். சொன்ன விலையை மாற்ற மாட்டார்கள். அந்த விலை எத்தனைக்கு என்பதை மட்டும் மங்கலாக விட்டுவிடுவார்கள். ஷான்தோங் மாகாணத்தில் பாடம் எடுக்கும் வெளிநாட்டு ஆசிரியர்கள் சனி ஞாயிறு வந்து இறங்கும் ஊர் என்பதாலும், மொழி பாதிதான் பிடிபடும் என்பதாலும் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் எடைக் கணக்கு. சந்தையில் எல்லாம் ஜின் கணக்கில்தான். 1 ஜின் என்பது 500 கிராம். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 50 கிராம், 1 லியாங். கிலோவுக்கு கோங்ஜின் என்பார்கள். காதில் விழும்போது ஜின், கோங்ஜின் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும், ஆனால் விலை இரட்டிப்பாகிவிடும். தட்டுக் கணக்கு யி ஃபென். எண்ணிக்கைக் கணக்கு யி கெ அல்லது யி ஜீ. பெரிய சிப்பி, அபலோனி (ஒரு வகைக் கடல் நத்தை) போன்றவற்றை ஒன்று இவ்வளவு என்று விற்பது நியாயமான வழக்கம்தான். இறாலும் காலாவும் (சிங்தாவ்காரர்கள் மட்டிக்குச் சொல்லும் பெயர்) ஒன்று இவ்வளவு என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பட்டியலில் எண்ணே இல்லாமல் ஷிஜியா, அதாவது அன்றைய விலை என்று இருந்தால், அந்த எண்ணையும் அளவையும் தாளில் எழுதச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத மறுக்கும் கடையில் உட்காராதீர்கள்.

அடுத்தது தராசு. திருத்திய தராசைச் சீனர்களே பேய்த் தராசு என்பார்கள். 500 கிராம் வைத்தால் 650, 700 என்று காட்டும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, பிரிக்காத 550 மில்லி தண்ணீர் பாட்டில். பாட்டிலோடு சேர்த்து ஏறக்குறைய 570 கிராம் இருக்கும். வைத்தவுடன் 1.1 முதல் 1.2 ஜின்னுக்குள் காட்ட வேண்டும். 1.4 காட்டினால் பேச்சுக்கு இடமில்லை, அடுத்த கடை. சில தராசுகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒழுங்காகவும் இன்னொன்றை அழுத்தினால் கூட்டியும் காட்டும். அதனால் பாட்டில் சோதனையோடு நிறுத்தாமல், வாங்கிய பொருளைச் சந்தையின் பொதுத் தராசில் மறுபடி நிறுத்துப் பாருங்கள். கோங்பிங்செங் என்று கேட்டால் காட்டுவார்கள். நுழைவாயில் அல்லது சந்தை அலுவலகப் பக்கம் இருக்கும்.

தராசு நேர்மையாக இருந்தாலும் தண்ணீர் நேர்மையாக இருக்காது. தடித்த கறுப்புப் பையில் காலாவை அள்ளிப் போட்டால் கூடவே கால் லிட்டர் கடல்நீரும் போகும், நீங்கள் அதற்கும் மட்டி விலை கொடுப்பீர்கள். ஓட்டைக் கூடையில் வடியவிட்டு, கூடை எடையைக் கழித்து நிறுக்கச் சொல்லுங்கள். நண்டின் கால்களைக் கட்டியிருக்கும் ஈரக் கயிறும் கனக்கும். அவிழ்க்க மறுத்தால் கயிற்றைத் தனியாக நிறுத்துக் கழிக்கச் சொல்லலாம்.

யிங்கோவ் சாலைச் சந்தை போன்ற இடங்களில் மீனை வாங்கி, பக்கத்துக் கடையில் சமைக்கக் கொடுக்கும் வழக்கம் உண்டு. நல்ல வழக்கம், பணமும் மிச்சம். ஆனால் ஆள் மாறாட்டம் போல மீன் மாறாட்டம் நடப்பதும் இங்கேதான். உயிரோடு தேர்ந்தெடுத்தது உள்ளே போகும், செத்துக் கிடந்தது வெந்து வரும். வால் துடுப்பில் ஒரு சிறு துண்டைக் கத்தரித்து அடையாளம் வைத்தால் போதும், பரிமாறும்போது பார்த்துக்கொள்ளலாம். அடையாளம் இல்லாவிட்டாலும் தட்டே சொல்லிவிடும். உயிர்மீனை அவித்தால் கண் பிதுங்கி, வாய் திறந்து, துடுப்பு விறைத்து நிற்கும். உயிர் இறால் இறுக்கமாகச் சுருண்டிருக்கும். பழையதாக இருந்தால் தலை தளர்ந்து கழன்று வரும். வெந்தும் மூடியே இருக்கும் மட்டியை உடைத்துத் தின்னாதீர்கள். பணம் போனதோடு வயிறும் கெட்டால் திங்கட்கிழமை வகுப்பும் போகும்.

சமையல் கூலிக்கு ஜியாகோங்ஃபெய் என்று பெயர். சில கடையில் ஜின் கணக்கு, சில கடையில் தட்டுக் கணக்கு. அவித்தால் குறைவு, காரமாக வதக்கினால் அதிகம், பூண்டும் சேமியாவும் போட்டால் இன்னும் அதிகம். உறை போட்ட தட்டு, தேநீர், சோறு ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணமா என்பதையும் அடுப்பு மூட்டும் முன்பே கேட்டு முடிக்க வேண்டும். வெந்த மீனைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்பதுதான் அவர்கள் பலம்.

காலண்டரையும் பாருங்கள். மஞ்சள் கடலின் இந்தப் பகுதியில் ஆண்டுதோறும் மே 1 முதல் செப்டம்பர் 1 வரை மீன்பிடித் தடை. பள்ளி விடுமுறையும் பீர் திருவிழாவும் வரும் ஜூலை, ஆகஸ்ட் இதற்குள்தான் அடங்கும். அந்த மாதங்களில் 'இன்று காலை கடலில் பிடித்தது' என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் நம்ப வேண்டியதில்லை. வளர்ப்பு மட்டி, சிப்பி, அபலோனி கிடைக்கும். மற்றவை பெரும்பாலும் வளர்ப்போ உறைபனிச் சரக்கோதான். நண்டு வேண்டுமென்றால் செப்டம்பர் கடைசி வரை பொறுங்கள்.

ரயில் நிலைய வாசலில் 'நல்ல கடை தெரியும்' என்று கூட்டிப்போகும் டாக்சிக்காரரின் தரகு உங்கள் பில்லில்தான் ஏறும். நிலையத்திலிருந்து சான்ச்சியாவ் கடற்பாலம் நடந்தே போகும் தூரம், டாக்சியே வேண்டாம். பாலத்தருகே குறைந்த விலையில் படகு டிக்கெட் நீட்டுபவரிடம், எத்தனை நிமிடப் பயணம், எங்கே இறக்குவார்கள் என்று டிக்கெட்டில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். லாவ்ஷான் மலையில் தாய்ச்சிங், யாங்கோவ், பெய்ஜியுஷுய், ஜுஃபெங் என்று ஒவ்வொரு பகுதிக்கும் தனி டிக்கெட். ஒரே டிக்கெட்டில் எல்லாம் என்று வெளியாள் சொன்னால் வாங்காதீர்கள். அங்கே விளையும் பச்சைத் தேயிலை உண்மையிலேயே அருமையானது, வாங்கத்தான் வேண்டும். ஆனால் இலவசமாகச் சுவைக்கக் கொடுத்துவிட்டு 'எண்பது' என்பார்கள். அது லியாங்குக்கா ஜின்னுக்கா? பத்து மடங்கு வித்தியாசம்.

பணம் கட்டும்போது ஒன்று. வெளிநாட்டு அட்டையை அலிபே, வீசாட் என்ற பணம் கட்டும் செயலிகளில் இணைத்திருந்தால், 200 யுவானுக்கு மேற்பட்ட தொகைக்கு 3 சதவீதக் கட்டணம் பிடிக்கும். அது செயலியின் கட்டணம். கடைக்காரரோடு சண்டை வேண்டாம்.

ஏமாந்துவிட்டது தெரிந்தால் கத்தாதீர்கள். விலைப்பட்டியல், தராசு, தட்டு, பில் நான்கையும் படம் எடுங்கள். ஃபாபியாவ் எனப்படும் வரிரசீது கேளுங்கள். அந்தப் பெயரைச் சொன்னதுமே தொகையைக் குறைக்கும் கடைகள் உண்டு. பிறகு, கடையை விட்டு வெளியேறும் முன்பே, 12315 என்ற நுகர்வோர் எண்ணுக்கோ 12345 என்ற நகராட்சி எண்ணுக்கோ அழையுங்கள். மாண்டரினில் பேசவேண்டியிருக்கும் என்பதால், பள்ளியின் வெளிநாட்டவர் விவகார அலுவலரையோ உடன் வேலை பார்க்கும் சீன ஆசிரியரையோ முதலில் தொலைபேசியில் பிடியுங்கள். மிரட்டினாலோ வழி மறித்தாலோ 110. பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் அடமானமாகக் கொடுக்காதீர்கள். வேறு வழியின்றிக் கட்ட நேர்ந்தால் ரொக்கம் தராமல் செயலியில் கட்டுங்கள், பணம் யாருக்குப் போனது என்பது பதிவாகும். சீன நுகர்வோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, மோசடி என்று நிரூபணமானால் கட்டிய தொகையின் மூன்று மடங்கு வரை இழப்பீடு கேட்கலாம். அது 500 யுவானுக்குக் குறைந்தால் 500 யுவான். நாற்பது யுவான் மட்டிக்காகக் கூட இதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.