ஊட்டிக் குளிரில் எலக்ட்ரிக் பிரஷர் குக்கர்: வாங்கலாமா?

இந்தக் குக்கர் நேரத்தை மிச்சம் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தே நிமிடத்தில் பருப்பு என்று போட்டிருப்பார்கள். அந்தப் பத்து நிமிடம் பிரஷர் ஏறிய பிறகு ஆரம்பிக்கிற கணக்கு. காந்தலில் எங்கள் வீட்டுக் குழாயில் வருகிற ஐஸ் தண்ணீரை ஊற்றினால் பிரஷர் ஏறவே கால் மணி நேரம் போய்விடும். வேக ஒரு கால் மணி, ஆவி தானாக அடங்க இன்னொரு கால் மணி. கேஸ் அடுப்பில் பழைய குக்கர் இதைவிடச் சீக்கிரம் முடித்துவிடும்.

ஆனால் அந்த முக்கால் மணி நேரமும் நான் அடுப்படியில் நிற்க வேண்டியதில்லை. ஏழாயிரத்துச் சொச்சம் கொடுத்தது அதற்குத்தான்.

மனைவி ஸ்டாஃப் நர்ஸ். மாலை ஷிப்ட் என்றால் வீடு திரும்ப ராத்திரி ஒன்பது தாண்டும். எனக்கு சேரிங் கிராஸ் பக்கம் ஆபீஸ். ஆறு மணிக்கு வாசலில் ஷூவைக் கழற்றும்போதே சின்னவன் பசி என்பான், பெரியவள் கணக்கு நோட்டோடு நிற்பாள். விசிலையும் எண்ணிக்கொண்டு பின்னக் கணக்கும் சொல்லித்தர என்னால் ஆகாது. இப்போது கீழே பருப்பும் காரட்டும், மேலே ஸ்டாண்டு வைத்து ஒரு கிண்ணத்தில் அரிசி. மூடி, பட்டனை அமுக்கிவிட்டு நோட்டைப் பிரித்துவிடுகிறேன். வெந்த பிறகு தாளித்துக் கொட்டுவதுதான் பாக்கி.

குக்கரோடு வருகிற புத்தகத்தில் போட்டிருக்கிற நேரத்தை மட்டும் நம்பாதீர்கள். அது கீழே சமவெளியில் இருப்பவர்களுக்கு எழுதியது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கருக்குள்ளும் இதே கதைதான். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் உள்ளே சேருகிற மொத்த அழுத்தமும் குறைவு. வெயிட் போடுகிற சாதாரண குக்கர் இங்கே சுமார் 116 டிகிரி வரை போகும். எலக்ட்ரிக் குக்கர்கள் பொதுவாக அதைவிடக் குறைந்த பிரஷரில் ஓடுபவை. 110, 111-ஐத் தாண்டினால் பெரிது. இரண்டாயிரம் அடிக்கு மேல் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஐந்து சதவீதம் நேரம் கூட்டு என்பது பொதுவான கணக்கு. நமக்கு ஏறக்குறைய கால் பங்கு கூடுதல். புத்தகம் 12 என்றால் நான் 15 வைக்கிறேன். ராஜ்மாவுக்கு 25 என்றால் 32. அப்படி வைத்தால் துவரம்பருப்பு மத்து கேட்காமல் குழைகிறது.

நான் எதிர்பாராத லாபம் ஒன்று தயிர் பட்டன்; தயிர் உறைவதற்காக உள்ளே மிதமான சூட்டிலேயே வைத்திருக்கும். ஊட்டிக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை: ராத்திரி கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் வைத்தபடியே இருக்கும். கம்பளியில் சுற்றுவோம், அடுப்புப் பக்கத்தில் வைப்போம், கடைசியில் கடை மாவு வாங்குவோம். இதில் உள்பாத்திரத்தில் பாதிக்கு மேல் போகாமல் மாவை ஊற்றி, தயிர் மோடில் எட்டு மணி நேரம் விட்டால், காலையில் மூடியைத் திறக்கும்போது மாவு விளிம்பு வரை எழும்பி, மேலெல்லாம் சின்னச் சின்னக் குமிழியோடு நிற்கிறது. கரண்டியை விட்டால் புஸ்ஸென்று அமுங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை இப்படிப் பொங்க வைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால், வாரத்தில் இரண்டு ராத்திரிக்குத் தோசை நிச்சயம். மூடியின் ரப்பர் வளையத்தில் சாம்பார் வாசனை ஏறிவிடும், கழுவினாலும் போகாது. தயிருக்கும் மாவுக்கும் தனி வளையம் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பெருங்காய வாசனையில் தயிர் சாப்பிட வேண்டிவரும்.

டைமரும் நம் ஊருக்கென்றே செய்தது போல இருக்கிறது. காலையில் கொண்டைக்கடலையையோ காய்ந்த அவரையையோ தண்ணீரோடு போட்டு, சாயங்காலம் நாலரைக்கு ஆரம்பிக்கச் சொல்லிவிட்டுப் போகலாம். பகலெல்லாம் ஊறி, நான் வரும்போது வெந்து, சூடு ஆறாமல் காத்திருக்கும். கோடையில் கோயம்புத்தூரில் இதைச் செய்தால் ஊறுகிற தண்ணீர் நுரைத்துப் போகும். இங்கே அந்தப் பயம் குறைவு. கறி, மீனை மட்டும் இப்படி வைக்காதீர்கள்.

கரண்ட் செலவு பெரிதல்ல. ஒரு ராத்திரிச் சமையலுக்கு அரை யூனிட்டைத் தாண்டுவதில்லை. இலவச 100 யூனிட்டைத் தின்பது கீசர்தான். மாலையில் தெருவில் எல்லா வீட்டு ஹீட்டரும் ஓடி வோல்டேஜ் இறங்கும்போது குக்கர் இன்னும் நிதானமாகும். ஆனால் டிசம்பர், ஜனவரி உறைபனியில் சிலிண்டரும் யோக்கியமில்லை. குளிரில் உள்ளே இருக்கிற திரவம் சரியாக ஆவியாகாமல் தீ பாதிதான் எரியும். அப்போது இது கைகொடுக்கும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த மாமியார் இதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "ஏனுங் மாப்ள, கரண்ட் போச்சுன்னா புள்ளைங்க என்னத்தைத் திங்கும்?" நியாயமான கேள்வி. தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டிய மாவட்டம் இது. பழைய குக்கரைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள், மேடையிலேயே இருக்கட்டும்.

இட்லி வேகவைக்க, பொரியல் வதக்க என்று போட்டிருக்கிற மற்ற பட்டன்களை நான் தொடுவதில்லை. கெட்டியான மசாலா அடியில் இருந்தால் பிரஷர் ஏறாமல் எரர் காட்டி நின்றுவிடும்; புளியையும் பொடியையும் கடைசியில் சேர்ப்பது நல்லது. பிரஷரைக் கையால் திறந்துவிட்டால் சமையலறை ஜன்னலெல்லாம் நனைந்து வழியும், குளிரில் காயவும் காயாது.

ரிப்பேர்தான் தலைவலி. சாதாரண குக்கர் கேஸ்கெட் மார்க்கெட்டில் எந்தப் பாத்திரக்கடையிலும் கிடைக்கும். இதன் வளையத்தைக் கூரியரில்தான் வரவழைக்க வேண்டியிருந்தது. ஆவி போகிற வால்வு ஒருமுறை சிக்கிக்கொண்டபோது சர்வீஸ் சென்டரில் சொன்னது, கோயம்புத்தூருக்கு எடுத்து வாருங்கள் என்று. வாங்கும்போதே கூடுதலாக இரண்டு வளையமும் ஒரு வால்வும் சேர்த்து ஆர்டர் போட்டுவிடுங்கள்.